பழைய பக்கியை வருஷக்கணக்கில் ஓட்டுவது: டர்பன் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றி நம் ஆட்கள் இருக்கும் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் ஒரு பழைய பக்கியாவது கண்ணில் படும். காய்கறி ஏற்ற, கட்டட வேலைக்குச் சிமெண்ட் ஏற்ற, காவடிக்குப் பந்தல் சாமான் கொண்டுபோக, லீவு நாளில் படகை இழுத்துக்கொண்டு கடலுக்குப் போக, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பிக்கப் வண்டிதான். பதினைந்து இருபது வருஷம் ஆனதை வாங்கலாமா, வைத்திருக்கலாமா, எதில் பணம் போடலாம் என்று சொந்தக்காரர்களும் கோயிலில் பார்க்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். பெரும்பாலும் டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு கேபி பற்றித்தான் இருக்கும். இங்கே அதிகம் ஓடுவதும் நான் கையால் பிரித்துப் பார்த்திருப்பதும் அவைதான்.

மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி என்கிறார்கள். வாங்கலாமா?

வாங்கலாம், எங்கே ஓடியது என்று தெரிந்தால். என்3 நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியரில் ஒரே சீராக ஓடி மூன்று லட்சம் காட்டுகிற இன்ஜினை நான் பயப்படாமல் வாங்குவேன். டவுனுக்குள்ளேயே நின்று நின்று, குளிர்ந்த இன்ஜினோடு கடைக்கும் ஸ்கூலுக்கும் போய்வந்து ஒன்றேகால் லட்சம் காட்டுகிற வண்டியைத்தான் இரண்டு தடவை யோசிப்பேன். அதைவிட மோசம், மீட்டர் குறைவாகக் காட்டும் ஆனால் வாராவாரம் கடற்கரை மணலில் படகை இறக்கிய வண்டி.

மீட்டரைத் திருப்பி வைப்பது இங்கே புதிய வித்தை இல்லை. ஒரு லட்சம்தான் ஓடியது என்பார்கள், கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து இரும்பு தெரியும், டிரைவர் சீட்டின் கதவுப்பக்க ஓரம் கிழிந்திருக்கும், ஸ்டியரிங் பளபளவென்று மின்னும். அப்படி இருந்தால் விற்பவர் வாயால் சொல்லும் எதையும் நம்பாமல் சர்வீஸ் புத்தகத்தைக் கேளுங்கள். புத்தகமே இல்லை என்றால் விலையை அதற்குத் தகுந்த மாதிரிக் குறைத்துப் பேசுங்கள்.

எந்த மாடல், எந்த இன்ஜின் நல்லது?

ஹைலக்ஸ் 1969 முதல் இந்த நாட்டில் விற்கிறது, நம் ஊர் ப்ரொஸ்பெக்டன் தொழிற்சாலையில்தான் தயாராகிறது. அதனால் பார்ட்ஸ் எங்கும் கிடைக்கும், புதிதாக இல்லாவிட்டால் ஸ்க்ராப்யார்டில் கிடைக்கும். 2.7 பெட்ரோல் இன்ஜின் பெட்ரோலை அதிகம் குடிக்கும், ஆனால் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். டர்போவும் கிடையாது, காஸ்ட்லியான இன்ஜெக்டரும் கிடையாது. டவுனுக்குள்ளேயே, மாதத்துக்குக் கொஞ்சதூரம் ஓடுகிறவர்களுக்கு இதைவிட நிம்மதியான வண்டி இல்லை என்பது என் கருத்து.

2005க்குப் பின் வந்த 3.0 டி-4டி டீசல் நல்ல இழுவை, நல்ல மைலேஜ், ஆனால் இன்ஜெக்டரைக் கவனிக்காதவர்களைப் பெரிய செலவில் மாட்டிவிடும், அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன். அதற்கு முன்னால் வந்த 3.0 கேஇசட்-டிஇ சூடேறினால் ஹெட்டில் (இன்ஜினின் மேல்பாகத்தில்) வெடிப்பு விழுவதற்குப் பேர்போனது. இசுசு 2018 வரை கேபி என்ற பெயரில் இங்கே வந்தது; 4ஜேஜே1 இன்ஜின் உள்ள கேபி 300 சுமைக்கும் நீண்ட தூரத்துக்கும் கிண்ணென்று நிற்கும், அதிலும் செயின்தான். நிசான் 1400, நம் தாத்தாக்கள் காலத்து வண்டி, 2008இல் தயாரிப்பை நிறுத்தினார்கள். கார்புரேட்டர் இன்ஜின், எந்தப் பையனும் ரிப்பேர் செய்வான். ஆனால் ஏர்பேக் இல்லை, முன்னால் மோதினால் உங்கள் முழங்காலுக்கும் எதிரில் வருகிற வண்டிக்கும் நடுவில் பெரிதாக ஒன்றும் இல்லை. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போக அதை வாங்காதீர்கள்.

இன்ஜின் நன்றாக இருக்கிறது, கொஞ்சம் துரு மட்டும்தான் என்கிறார்கள். பரவாயில்லையா?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன் என்றே சொல்லலாம். இன்ஜின் போனால் வேறு இன்ஜின் போடலாம், கியர்பாக்ஸ் போனால் மாற்றலாம். வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸ் அரித்துப்போனால் வண்டி முடிந்தது. கடற்கரை ஊரில் உப்புக் காற்று, ஈரம், வெயில் மூன்றும் சேர்ந்து வருஷம் முழுக்க வேலை செய்கின்றன. ஜோகன்னஸ்பர்க்கில் இருபது வருஷம் ஓடிய வண்டியின் அடிப்பாகம் டர்பனில் எட்டு வருஷம் ஓடியதைவிடச் சுத்தமாக இருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். முடிந்தால் உள்நாட்டில் ஓடிய வண்டியைத் தேடிப்பிடித்து வாங்குங்கள், அதற்காக ஐந்தாறு மணி நேரம் பயணம் போனாலும் தகும்.

வெளியே கதவு ஓரத்தில், மட்கார்டில் தெரிகிற துரு அசிங்கம் மட்டுமே, ஆபத்து இல்லை. ஆபத்து உள்ளே இருக்கிறது. சேசிஸ் என்பது பெட்டி மாதிரி உள்ளே வெற்றிடம் உள்ள இரும்பு, அதன் உள்பக்கத்தில் மணலும் உப்புத்தண்ணீரும் தங்கி உள்ளிருந்தே தின்றுகொண்டு வரும், வெளியே பெயிண்ட் அப்படியே இருக்கும். ஆகவே வண்டி பார்க்கப் போகும்போது ஒரு டார்ச், ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர், கீழே விரிக்க ஒரு அட்டை எடுத்துக்கொண்டு போங்கள். பின்சக்கரத்துப் பட்டை ஸ்பிரிங்கின் முன்முனை சேசிஸில் மாட்டியிருக்கும் இடம், டீசல் டேங்குக்கு மேலே மறைந்திருக்கும் பகுதி, பின் ஆக்சிலுக்கு மேலே சேசிஸ் வளைந்து ஏறும் இடம், இந்த மூன்றையும் ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு டண் என்று ஒலிக்கும். அரித்த இரும்பு சொத்தென்று கேட்கும், ஏடு ஏடாகப் பெயர்ந்து கையில் விழும், முனையால் அழுத்தினால் சில வண்டிகளில் உள்ளேயே போய்விடும். அடியில் புத்தம் புதிதாகக் கறுப்பு ரப்பரைஸ் பூச்சு அடித்திருந்தால் சந்தோஷப்பட வேண்டாம், எதை மறைக்க அடித்தார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

சொந்த வண்டியாக இருந்தால் செய்யவேண்டியது எளிது. படகு இறக்கிய அன்றே, வீட்டுக்கு வந்ததும் டீ குடிக்கும் முன்பே, நல்ல தண்ணீர்க் குழாயை அடியில் விட்டு, சேசிஸ் ஓட்டைகளுக்குள்ளும் விட்டுக் கழுவுங்கள். மறுநாள் என்று தள்ளிப்போட்டால் உப்பு ஒட்டிக்கொள்ளும். கீழே தண்ணீர் வடியும் துளைகள் சேற்றால் அடைபட்டிருந்தால் கம்பியால் குத்தித் திறங்கள். நன்றாகக் காய்ந்தபிறகு உள்ளே மெழுகு ஸ்ப்ரே நீளக் குழாயால் அடிக்கலாம். வருஷத்துக்கு ஒருமுறை போதும். ஈரமும் உப்பும் உள்ளே இருக்கும்போதே அடித்தால் அதை உள்ளேயே பூட்டிவைத்த மாதிரி ஆகிவிடும்.

டி-4டி இன்ஜெக்டர் பிரச்சினை என்கிறார்களே, அது என்ன?

ஒவ்வொரு இன்ஜெக்டரின் அடியிலும் ஒரு சின்னச் செப்பு வாஷர் இருக்கிறது. ஆயிரம் பாருக்கும் மேலான அழுத்தத்தில் டீசல் அடிக்கும் அமைப்பு அது. அந்த வாஷர் தளர்ந்தால் எரிந்த புகை மேலே கசிந்து ஆயிலோடு கலக்கும். ஆயில் தார் மாதிரிக் கெட்டியாகி, இன்ஜினின் அடித்தட்டில் ஆயிலை உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். சல்லடை அடைபட்டால் ஆயில் அழுத்தம் விழும், டர்போவும் பேரிங்கும் காய்ந்து தேயும், கடைசியில் ஆயில் விளக்கு எரியும்போது இன்ஜின் பாதி செத்திருக்கும். ஒரு வாஷரின் விலைக்கும் ஒரு இன்ஜினின் விலைக்கும் உள்ள தூரத்தை நினைத்துப் பாருங்கள்.

வாங்கும் முன் காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள், முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஸ்டார்ட் ஆனதும் டக்டக்கென்று ஆணி அடிக்கிற சத்தம் கேட்டு, சூடானதும் குறைந்தால் இன்ஜெக்டர் தேய்மானம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆயில் மூடியைத் திறந்தால் புகை புஸ் புஸ்ஸென்று அடிக்கக் கூடாது. மூடியின் உள்பக்கம் விரலால் துடைத்துப் பாருங்கள், வழவழப்பான கறுப்பு சரி, பிசின் மாதிரி ஒட்டினால் சரியில்லை. சொந்த வண்டியில் இன்ஜெக்டர் வாஷர்களை மெக்கானிக்கிடம் சொல்லி முன்னதாகவே மாற்றுங்கள், அப்படியே அடித்தட்டைக் கழற்றிச் சல்லடையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நிற்கும்போது இன்ஜின் ஏறி இறங்கி மூச்சு வாங்கினால் உடனே இன்ஜெக்டர் போச்சு, பம்ப் போச்சு என்று யாராவது சொல்வதை நம்பிவிடாதீர்கள். பம்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் ஒரு சின்ன வால்வு, எஸ்சிவி என்பார்கள், பல நேரம் அதுதான் காரணம், முழு பம்பை மாற்றுவதில் ஒரு சிறு பங்குச் செலவில் தீரும். கேபியிலும் இதே கதை உண்டு.

மேடு ஏறும்போது சூடாகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாமா?

வேண்டவே வேண்டாம். இன்ஜின் சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு அது. அதைக் கழற்றினால் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் டீசலைக் குடிக்கும், ஆயில் கெடும், உண்மையான கோளாறும் மறைந்துபோகும். ஃபீல்ட்ஸ் ஹில்லிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் டவுன் ஹில்லிலோ சுமையோடு ஏறும்போது முள் நகர்ந்தால் ரேடியேட்டர் பாதி அடைபட்டிருக்கலாம், ஃபேனைச் சுழலவைக்கும் விஸ்கஸ் ஹப் செத்திருக்கலாம், ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். இன்ஜின் ஓடும்போது கூலன்ட் டப்பாவில் குமிழி குமிழியாக வந்தால் ஹெட் கேஸ்கெட்டோ ஹெட்டோ போயிருக்கிறது. கூலன்டுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை நம் ஆட்கள் விடவேண்டும், உள்ளேயிருந்து அலுமினியத்தை அது தின்கிறது. இன்னொன்று: தண்ணீரே இல்லாவிட்டால் முள் சூட்டைச் சரியாகக் காட்டாது, ஏனென்றால் அதன் சென்சார் தண்ணீரில்தான் நனைந்திருக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் கூவுகிற அலாரம் ஒன்றை பழைய டீசல் வண்டி வைத்திருக்கும் எல்லாரும் மாட்டிக்கொள்ளலாம்.

டீசல் எங்கே போட்டாலும் ஒன்றுதானே?

இல்லை. மண்ணெண்ணெய்க்கு எரிபொருள் வரியும் இல்லை, வாட் வரியும் இல்லை, அதனால் டீசலில் கலந்து விற்கும் திருட்டு இந்த நாட்டில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. மண்ணெண்ணெய்க்கு வழுவழுப்பு குறைவு, பம்பும் இன்ஜெக்டரும் டீசலின் வழுவழுப்பில்தான் உயிர் வாழ்கின்றன. கூட்டம் உள்ள, சரக்கு வேகமாக மாறுகிற பெரிய பம்பில் போடுங்கள், ரசீதை வைத்திருங்கள். டி-4டி மாதிரி உயர் அழுத்தத்தில் டீசல் அடிக்கும் காமன் ரெயில் வண்டிக்கு 500 பிபிஎம் (டீசலில் உள்ள கந்தக அளவு) வேண்டாம், 50 அல்லது 10 பிபிஎம் போடுங்கள்.

டீசல் ஃபில்டரின் அடியில் உள்ள திருகை மாதம் ஒருமுறை தளர்த்தி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து, பத்து நிமிஷம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெளிந்து, மேலே டீசல் மஞ்சளாக நிற்கும், நடுவில் கோடு போட்ட மாதிரித் தெரியும். தண்ணீர் வந்தால், தெளிந்த டீசல் மட்டும் வரும்வரை விடுங்கள்.

ஆயில் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை?

கம்பெனி 10,000 சொன்னாலும் பழைய டீசலுக்கு நான் 7,500க்குள் மாற்றிவிடுவேன், சுமையும் மேடும் அதிகம் என்றால் 5,000. கியர்பாக்ஸ், ஆக்சிலில் உள்ள டிஃப் (டிஃபரன்ஷியல்) இவற்றின் ஆயிலை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். படகு இறக்கும் வண்டியில் டிஃப் தண்ணீருக்குள் முங்கும், சூடான டிஃப் சட்டென்று குளிரும்போது மூச்சுத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சும், ஆயில் பால் மாதிரி ஆகிவிடும். அந்த மூச்சுக் குழாயை மேலே நீட்டிவிட்டால் போதும்.

டைமிங் பெல்ட் மாற்றியாச்சு என்கிறார், நம்பலாமா?

ரசீது இருந்தால் நம்பலாம். இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்து, வாங்கிய வாரமே மாற்றுங்கள். அறுந்தால் வால்வு வளைந்து, ஹெட்டைக் கழற்றுகிற செலவு வந்து நிற்கும். கூடவே பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பேரிங்கையும் மாற்றுங்கள், அதை விட்டுவிட்டுப் பெல்ட்டை மட்டும் மாற்றுவதில் பிரயோஜனம் இல்லை.

அண்ணா, ஜோபர்க் போனால் வண்டி இழுக்கவே மாட்டேங்குது, இன்ஜின் போச்சா?

ஒன்றும் ஆகவில்லை தம்பி. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரம், அங்கே காற்று மெல்லிசு. டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு சதவீதம் பலத்தை இழக்கும், அதனால் அங்கே ஆறில் ஒரு பங்கு போய்விடும். டர்போ வண்டி இதை ஓரளவு சமாளிக்கும். டர்போ இருந்தும் திணறினால் மட்டும் டர்போவின் காற்று ஹோஸ் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வெள்ளத்தில் முங்கிய வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?

2022 ஏப்ரல் வெள்ளம் எல்லாருக்கும் நினைவிருக்கும், ப்ரொஸ்பெக்டன் டொயோட்டா தொழிற்சாலையே தண்ணீருக்குள் போய் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தது. அப்போது முங்கிய பழைய வண்டிகள் கழுவித் துடைத்து இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், முழுக்க இழுத்தால் ஒழிய வெளியே வராத அந்தக் கடைசி அடியில் சேற்றுக்கோடு இருக்கும். அதைக் கழுவ யாரும் நினைப்பதில்லை. சீட்டின் கீழே அது நகரும் இரும்புத் தண்டில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் மண், டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பு. பதிவுச் சான்றிதழில் குறியீடு (கோட்) 3 என்றிருந்தால் திரும்பக் கட்டிய வண்டி, குறியீடு 4 என்றால் ஸ்க்ராப், ரோட்டில் ஓட்டவே கூடாது.

ரோட்வொர்தி, காகிதம் விஷயமெல்லாம் எப்படி?

சொந்த வண்டிக்கு வருஷாவருஷம் லைசென்ஸ் டிஸ்க் புதுப்பித்தால் போதும், வண்டி ரோட்டில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் ரோட்வொர்தி சோதனை பெயர் மாற்றும்போது வேண்டும். சான்றிதழ் 60 நாள் செல்லும். அது பாஸானதால் வண்டி நல்ல வண்டி என்று அர்த்தம் இல்லை, விளக்கும் பிரேக்கும் டயரும் அன்றைக்குச் சரியாக இருந்தன என்று மட்டும் அர்த்தம். டயருக்குச் சட்டம் கேட்பது 1 மில்லிமீட்டர்தான், நம் ஊர் மழையில் அது போதவே போதாது.

டீலரிடம் வாங்கினால் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதத்துக்குத் தரத்துக்கு உத்தரவாதம் உண்டு, பழைய வண்டிக்கும் உண்டு, டீலர் கையெழுத்து வாங்கிக்கொண்டு அதை இல்லையென்று ஆக்க முடியாது. தனியாளிடம் ஃபுட்ஸ்டூட்ஸ் என்று எழுதி வாங்கினால் இருக்கிற நிலையில் எடுத்துக்கொண்டதாக ஆகும். தெரிந்தே கோளாறை மறைத்தார் என்று நிரூபித்தால்தான் கேட்க முடியும். பதிவுச் சான்றிதழில் டைட்டில்ஹோல்டர் (சட்டப்படி உரிமையாளர்) என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பேங்க் பெயர் இருந்தால் கடன் முடியவில்லை, காசைக் கையில் கொடுக்காதீர்கள்.

பழைய வண்டிக்கு இன்சூரன்ஸ் எதற்கு, ஆர்ஏஎஃப் இருக்கிறதே?

ரோடு ஆக்ஸிடென்ட் ஃபண்ட் ஆளுக்குப் பட்ட காயத்துக்கு மட்டும்தான், தகரத்துக்கு ஒரு சென்ட் தராது. நீங்கள் போய் ஒரு புது ஜெர்மன் காரில் இடித்தால் அந்தச் செலவு உங்கள் வீட்டுக்கு வரும். முழு இன்சூரன்ஸ் கட்டுப்படியாகாவிட்டால் மூன்றாம் நபர், தீ, திருட்டு மட்டுமாவது போடுங்கள். ஹைலக்ஸ் வைத்திருப்பவர்கள் டிராக்கரும் போடுங்கள், திருடர்களுக்குப் பிடித்த வண்டி அது.

ஸ்கூல் பிள்ளைகளைப் பின்னால் ஏற்றலாமா?

காசு வாங்கிக்கொண்டு ஸ்கூல் பிள்ளைகளைச் சுமைத்தட்டில் ஏற்றுவது 2017 மே மாதத்திலிருந்து சட்டப்படி குற்றம். காசு வாங்காவிட்டாலும் ஏற்றாதீர்கள். பின்தட்டின் மேல் கேனபி என்ற கூடு போட்டிருந்தாலும் அங்கே பெல்ட் இல்லை, வண்டி உருண்டால் கேனபிதான் முதலில் கழன்று பறக்கும். கோயிலுக்குப் போகிற பத்து நிமிஷ ரோடு என்றாலும் இதேதான்.

எப்போது விற்றுவிட வேண்டும்?

ரிப்பேர் செலவு வண்டியின் விலையைத் தாண்டினால் விற்றுவிடு என்று எல்லாரும் சொல்வார்கள். நான் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. புது பக்கியின் மாதத் தவணையை நினைத்துப் பாருங்கள், பழையதில் ஒரு கிளட்சோ ஒரு ரேடியேட்டரோ போட்டால் எத்தனை மாதத் தவணைக்குச் சமம் என்று பாருங்கள், பெரும்பாலும் ரிப்பேர்தான் மலிவு. சேசிஸில் சுமை தாங்கும் இடம் அரித்தால் மட்டும் தயங்காமல் விடுங்கள். மேலே தகடு வைத்து வெல்டிங் அடித்து இன்னொரு குடும்பத்தின் தலையில் கட்டாதீர்கள், பார்ட்ஸ் கணக்கில் ஸ்க்ராப்யார்டுக்கே கொடுங்கள்.

ஓடுகிற நிலையில் விற்றால், உள்ள குறையை எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு, உரிமை மாற்ற அறிவிப்பான என்சிஓ படிவத்தை நீங்களே லைசென்சிங் ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுங்கள், வாங்கியவர் கொடுப்பார் என்று விடாதீர்கள். அதைக் கொடுக்கும்வரை வருகிற அபராதமெல்லாம் உங்கள் பெயருக்குத்தான் வரும்.